வீடு வீடாக விற்கப் போகிறவர்களுக்கு: நெல்லைச் சீமைக் கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ஊதுபத்தி, பினாயில், அப்பளம், நைட்டி, குக்கர், வாட்டர் ஃபில்டர் என்று ஏதாவது ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அடுத்த முறையும் அதே வீட்டுப் படியேற வேண்டும். அதற்கு இடம் வைக்கிற மாதிரி இன்றைக்கு நடந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை விற்றுவிட்டு ஊர் மாறிப் போகிறவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் எந்தச் சரக்கை எடுப்பது?

மூன்று விஷயம் பாருங்கள். தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடக்க முடியுமா? ஒரு மாதத்தில் தீர்ந்து, திரும்ப வாங்க வேண்டியதா? தெருமுனை அண்ணாச்சி கடையில் அதே சரக்கு அதே பேரில் கிடைக்காமல் இருக்கிறதா? மூன்றில் இரண்டுக்காவது ஆமாம் என்று பதில் வர வேண்டும்.

குக்கர், மிக்ஸி மாதிரிப் பெரிய பொருளில் ஒரு விற்பனைக்குக் கையில் நிற்கும் காசு அதிகம். ஆனால் ஒரு வீட்டில் விற்றால் பல வருஷத்துக்கு அந்த வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. இரண்டு மாதத்தில் ஏரியா வற்றிவிடும். பினாயில், ஊதுபத்தி, அப்பளம் போன்றவற்றில் லாபம் சின்னது, ஆனால் கதவு திறந்தபடியே இருக்கும். தீர்ந்துபோகிற பொருள் ஒன்று, பெரிய பொருள் ஒன்று என்று ஜோடி சேர்ப்பதே நல்லது. சின்னது உங்களை மறுபடி மறுபடி வாசலுக்குக் கூட்டிப் போகும், நாலாவது தடவையில் பெரியதைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

சரக்கு கெடும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை துணிப்பையில் போட்டால் மதியத்துக்குள் பாதி நொறுங்கும், மூடி இறுகிய தகர டின் வேண்டும். கருப்பட்டி ஐப்பசி, கார்த்திகை மழையில் கசிந்து ஒட்டிக்கொள்ளும், அந்த மாதங்களில் கொஞ்சமாக எடுங்கள். வீட்டில் தயாரிக்கும் வெள்ளை பினாயிலைக் கொள்முதல் செய்வதாக இருந்தால் ஒரு பாட்டிலை வாங்கி 15 நாள் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நின்றால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். விற்ற வீட்டில் எல்லாம் அதே மாதிரி பிரிந்து நிற்கும், பேர் உங்களுக்குத்தான் கெடும்.

இன்னொன்றை அழுத்தமாகவே சொல்கிறோம். பினாயிலையோ ஆசிட்டையோ பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி விற்கவே கூடாது. குழந்தை எடுத்துக் குடித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்கக் கூடாது, கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை விற்கிற ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை வீடு? லைன் எப்படிப் பிரிப்பது?

40 வீடு. பூட்டிய வீடு, ஆள் வராத வீடு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு வீட்டுக்குச் சராசரியாக 5 நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். காலையில் இரண்டரை மணி, சாயங்காலம் ஒன்றரை மணி என்று பிரித்தால் மூச்சுவிட நேரம் மிஞ்சும். அறுபது, எழுபது என்று கிளம்புபவர்கள் முப்பதாவது வீட்டுக்குப் பிறகு ஒப்புக்குக் கதவைத் தட்டுகிறார்கள்.

ஒரு நாளில் ஏறி இறங்கும் 40 வீட்டு வரிசைதான் ஒரு லைன். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு லைன். பத்து லைன், 400 வீடு, ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை. சனிக்கிழமையைப் புது வீட்டுக்குச் செலவிடாதீர்கள். "அவுக இருக்கும்போது வாங்க" என்று சொன்ன வீடு, வசூல் நின்ற வீடு, பூட்டியிருந்த வீடு எல்லாம் சனிக்கிழமைக்கு. ஞாயிறு காலை வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் பாதித் தெரு சர்ச்சுக்குப் போயிருக்கும், மீதி வீட்டில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

லைன் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வெறுங்கையோடு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். எந்த வீட்டில் நாய், எந்தக் காம்பவுண்டில் விற்பனையாளர் வரக்கூடாது என்று போர்டு, எந்த வீட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குகிறார், டீக்கடை எது, நிழல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். காலையில் மேற்கு பார்த்த வீடுகள், சாயங்காலம் கிழக்கு பார்த்த வீடுகள் என்று வைத்துக்கொண்டால் வாசலில் நிற்கும்போது வெயில் முகத்தில் அடிக்காது.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

பெரும்பாலான இடத்தில் காலை 10 முதல் 12.30, சாயங்காலம் 4.15 முதல் 5.45. மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மணி அடித்தவரிடம் யாரும் சந்தோஷமாக வாங்குவதில்லை. ஆறு மணிக்கு விளக்கு வைத்த பிறகு பல வீடுகளில் பணம் வெளியே கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், சில வீட்டில் செவ்வாயும் சேரும். ஆகவே வெள்ளிக்கிழமை லைனில் ஆர்டர் மட்டும் எடுங்கள், வசூலைச் சனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். "பணம் தர மாட்டேங்குதாக" என்று புலம்புகிற பலர் வெள்ளி சாயங்காலம் போய்க் கேட்டவர்கள்தான்.

பெரிய பொருள் விற்பவர் ராகு காலத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, வெள்ளி 10.30–12, சனி 9–10.30, ஞாயிறு 4.30–6. உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. சனி காலை 10 மணிக்கு குக்கர் பேசிக்கொண்டிருக்கும்போது, "அட்வான்ஸ பத்தர மணிக்கு மேல வந்து வாங்கிக்கிடுதேன்கா" என்று நீங்களே சொன்னால் அந்த அம்மாவுக்கு உங்கள் மேல் ஒரு மதிப்பு வரும்.

ஊருக்கு ஊர் நேரம் மாறும். நூறு நாள் வேலைக்குப் போகும் கிராமத்தில் காலையில் போனால் வயசானவர்களும் கோழியும்தான் இருக்கும், பிற்பகலுக்குப் பிறகு போங்கள். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பகல் முழுக்கப் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். கை ஓயாது, காது சும்மா இருக்கும். பேச்சைக் கேட்பார்கள். ஆனால் சாம்பிளைக் கையில் திணிக்காதீர்கள். விரலெல்லாம் புகையிலைத் தூள், மடியில் தட்டு. பொருளைப் பக்கத்தில் வைத்து நீங்களே பிரித்துக் காட்டுங்கள். பீடிக்கடையில் கூலி போடும் கிழமை எது என்று அங்கேயே கேட்டு, மறுநாளுக்கு அந்த லைனை மாற்றிக்கொள்ளுங்கள். மேலப்பாளையம், கடையநல்லூரில் வெள்ளி மதியம் தொழுகை நேரத்தைத் தவிருங்கள். நோன்பு மாதத்தில் பிற்பகலில் கஞ்சி, வடை வேலை நடக்கும், காலையோடு முடித்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகளில் ஆண் விற்பனையாளர் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்று பேசுவதே மரியாதை.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

மொத்த எடை 6 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டாவது மணி நேரத்தில் தோள் சாய்ந்து, பேச்சிலும் சலிப்பு தெரியும். 5 லிட்டர் பினாயில் கேன் ஒன்றே 5 கிலோ. அதைத் தூக்காதீர்கள், 1 லிட்டர் பாட்டிலைக் காட்டி ஆர்டர் எடுத்து, சாயங்காலம் வண்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டும், பைக்குள் அல்ல. கார்பன் வைத்த பில் புத்தகம், வீட்டு நோட்டு, இரண்டு பேனா, 500 ரூபாய்க்குச் சில்லறை (10, 20, 50 ரூபாய்த் தாள்களும் நாணயங்களும்), க்யூஆர் அட்டை, ஒரு லிட்டர் தண்ணீர், முகம் துடைக்க ஒரு துண்டு, டெமோவுக்குத் தனித் துணி, குடை, பில் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சில்லறை இல்லாததால் போன விற்பனைக்குக் கணக்கே கிடையாது. 500 ரூபாய்த் தாளை நீட்டிய அம்மா, "சில்லறை இல்லையா, அப்ப பொறவு பாப்பம்" என்று கதவைச் சாத்திவிட்டால் அந்த மனசு மறுபடி திறப்பது கஷ்டம்.

பணம் போனில் வந்தால் வாடிக்கையாளர் காட்டும் திரையைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். உங்கள் ஆப்பில் வரவு ஏறியதைப் பார்த்துவிட்டு, தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படியிறங்குங்கள். அவர்களுடைய போனை வாங்கி நீங்கள் எண் அழுத்தித் தருவது, ஓடிபி கேட்பது, ஆதார் அட்டையைப் படம் எடுப்பது எதுவுமே கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் நாளைக்கு அந்த வீட்டில் ஏதாவது பணம் போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான்.

உடை, செருப்பு?

இஸ்திரி போட்ட பருத்திச் சட்டை அல்லது சேலை, சுடிதார். லேஸ் கட்டிய ஷூ வேண்டாம், கழற்றி மாட்டவே நேரம் போய்விடும். தார்சாவுக்குள் (வாசலை அடுத்த முன்கூடம்) கூப்பிட்டால் சட்டென்று கழற்றி விடுகிற செருப்பே சரி.

கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்வது?

கதவு திறப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்கும். கோலத்தை மிதிக்காதீர்கள். முற்றத்தில் காயும் வத்தல், வடகம், நெல்லைச் சுற்றிப் போங்கள். மணியை ஒருமுறை அடித்துவிட்டு மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். இன்னும் ஒருமுறை அடிக்கலாம், மூன்றாவது தடவை கிடையாது. கம்பிக் கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். வாசலில் இருந்து இரண்டடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், உள்ளே எட்டிப் பார்க்காத கோணத்தில் நில்லுங்கள்.

பிறகு நாலு விஷயம், இருபது விநாடி: யார், எந்த ஊர், என்ன சரக்கு, எவ்வளவு நேரம்.

"வணக்கம்கா. பேட்டையில இருந்து வாரேன், பேரு அட்டையில இருக்கு. தர தொடைக்கிற பினாயில் கொண்டாந்திருக்கேன். ரெண்டு நிமிசம் காட்டட்டுமா, இல்ல இன்னொரு நாள் வரட்டுமா?"

கடைசியில் இருக்கும் "இன்னொரு நாள்" முக்கியம். வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களில் பலர் "இன்னொரு நாள் வாங்க" என்று முடிப்பார்கள். அது உங்களுக்கு நோட்டில் எழுத ஒரு வரி. "சர்வே எடுக்கேன்", "கேஸ் கம்பெனியில இருந்து வாரேன்", "இலவசப் பரிசு விழுந்திருக்கு" என்று ஆரம்பிப்பவர்களால்தான் மற்றவர்களுக்குக் கதவு திறப்பதில்லை. பொய் சொல்லி உள்ளே போனால் பேச்சு பொருளுக்கு வந்ததும் முகம் மாறும். அந்த முகத்துக்கு முன்னால் எந்தச் சரக்கும் விற்காது.

அழைக்கும் முறை: வயசான பெண்மணி என்றால் ஆச்சி, நடுவயசு என்றால் அக்கா அல்லது பெரியம்மா, ஆண்களுக்கு அண்ணாச்சி. மகாராஜ நகர், தியாகராஜ நகர், என்.ஜி.ஓ. காலனிப் பக்கம் சார், மேடம் போதும். முன்பின் தெரியாத வீட்டில் யாரையும் மயினி (அண்ணி) என்று கூப்பிட்டுவிடாதீர்கள். அது கேலி பேசும் உரிமையுள்ள முறை, வாசலில் நிற்பவர் வாயில் தப்பாகப் படும்.

டெமோ எப்படிக் காட்டுவது?

தரை துடைக்கும் பொருள் என்றால் வீட்டுத் தரையில், அவர்கள் காட்டும் இடத்தில், ஒரு சதுர அடி மட்டும். கறுப்பு பினாயிலை ஒரு மூடி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும், அது கண்ணில் நிற்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், ஜன்னல் மூடிய அறையில் பாட்டிலைத் திறக்காதீர்கள். எத்தனை மூடி, எவ்வளவு தண்ணீர் என்று லேபிளில் இருக்கும் அளவையே சொல்லுங்கள். அதிகம் ஊற்றச் சொன்னால் சீக்கிரம் தீரும், சீக்கிரம் வாங்குவார்கள் என்பது தப்புக் கணக்கு. தரை வழுக்கி யாராவது விழுந்தால் லைனே போய்விடும்.

வாட்டர் ஃபில்டர் விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் குழம்பியதும் "பாருங்க எவ்வளவு அழுக்கு" என்று காட்டும் கருவி ஒன்று உண்டு. அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வரும் துரு. குழாய்த் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைகிறது. உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, அதனால் தெளிவாக நிற்கிறது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பு போட்டால் அதுவும் குழம்பும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அங்கேயே உங்கள் குட்டு வெளிப்படும். கம்பெனியே அந்தக் கருவியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நேர்மையான வழி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் அளவு 500-க்குக் கீழே வந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்றே சொல்லிவிடுங்கள். புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூ.வி. வகையோ, கொதிக்க வைப்பதோ போதும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புக் கிணற்றை நம்பியிருக்கும் வீட்டில் ஆர்.ஓ. பேசலாம். டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் "உங்களுக்கு வேண்டாம்" என்று சொன்ன பேச்சு தெரு முழுக்கப் பரவும். விற்காத அந்த ஒரு மெஷினுக்கு அது சரியான கூலி.

"பொறவு வாங்க", "அவுகட்ட கேக்கணும்" என்றால்?

முதலாவது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. "எந்தக் கிழமை வந்தா தோதுப்படும்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கிழமை சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், சொல்லாமல் சிரித்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள், இரண்டு வாரம் கழித்து லைனில் வரத்தானே போகிறீர்கள்.

இரண்டாவது பல வீட்டில் உண்மை. "இதுக்குப் போய் அண்ணாச்சிட்ட கேக்கணுமா" என்று சீண்டி விற்காதீர்கள். சாயங்காலம் வீட்டில் சண்டை வந்தால் மறுநாள் பொருள் திரும்பி வரும். விலைச்சீட்டைக் கொடுத்துவிட்டு சனிக்கிழமைக்கு நேரம் வாங்குங்கள்.

"கடையில இதவிடக் கம்மி" என்றால் மறுக்காமல் பொருளின் அளவைப் பாருங்கள். அவர்கள் சொல்வது 500 மில்லியா, 1 லிட்டரா? ஒரே அளவாக இருந்து கடையில் உண்மையிலேயே குறைவாக இருந்தால், "அங்கயே வாங்கிக்கிடுங்கக்கா" என்று சொல்லுங்கள். "போன தடவ ஒருத்தன் ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்றால் பேச்சு எதுவும் உதவாது. பில் போட்டு, போன் நம்பர் எழுதி, சின்னப் பொருள் ஒன்றை மட்டும் விற்று, சொன்ன நாளில் திரும்ப வந்து நிற்பது ஒன்றே வழி.

விலை குறைக்கலாமா?

கூடாது, முக்கியமாக டவுனில். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வளவு வீடுகள் நிறைய. ஒரே முற்றம், எட்டு வீடு, ஒரு குழாய். முதல் வீட்டில் 120 ரூபாய்க்கும் மூன்றாவது வீட்டில் 100 ரூபாய்க்கும் கொடுத்தீர்கள் என்றால், குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். அடுத்த தடவை எட்டு வீடும் 80 ரூபாய்க்குக் கேட்கும். பேரம் பேசியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்காக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு விலை மாறாது, மூன்று எடுத்தால் இவ்வளவு குறையும், எல்லா வீட்டுக்கும் அதே கணக்கு. அதை அட்டையில் அச்சடித்தே காட்டுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம்.

தவணைக்குக் கொடுக்கலாமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். அதன் பிறகும் மூன்று சுற்று கைக்காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்கு மட்டும்.

கணக்கைப் பாருங்கள். குக்கர் கொள்முதல் 1,400, தவணை விலை 1,700. முன்பணம் 500, மீதி 1,200 ரூபாயை இரண்டு வாரத்துக்கு 200 வீதம் ஆறு தவணை. முன்பணம் வாங்கிய பிறகும் உங்கள் முதலீட்டில் 900 ரூபாய் அந்த வீட்டில் நிற்கிறது. ஐந்தாவது தவணையில், அதாவது பத்தாவது வாரத்தில்தான் அது திரும்ப வருகிறது. லாபம் கடைசித் தவணையோடுதான் முழுசாகக் கைக்கு வரும். பத்து வீட்டுக்கு இப்படிக் கொடுத்தால் 9,000 ரூபாய் முடங்கும். அவ்வளவு பணம் முடங்கினாலும் அடுத்த வாரச் சரக்கு எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு எத்தனை தவணை அட்டை திறக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். ரொக்க விலை எவ்வளவு, தவணை விலை எவ்வளவு என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அட்டை இரண்டு. ஒன்று அவர்களிடம், ஒன்று உங்களிடம். ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, மீதி, இரண்டு அட்டையிலும் கையெழுத்து. தவணை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் முதல் காரணம் விற்றவர்தான். மழை என்று ஒரு தடவை போகாமல் விட்டால் அந்த 200 ரூபாய் வேறு செலவுக்குப் போய்விடும். அடுத்த தடவை 400 கேட்க வேண்டி வரும், அது அவர்களால் முடியாது. அப்புறம் உங்களைக் கண்டதும் கதவு மூடும். போக முடியாத நாளில் காலையிலேயே போனில் சொல்லிவிடுங்கள். பாக்கி நின்றால் 200-ஐ 100 ஆக்கி, தவணையை நீட்டுங்கள். தெருவில் நின்று சத்தம் போடுவதும், பொருளைத் தூக்கிக்கொண்டு வருவதும் அந்த ஒரு வீட்டோடு முடியாது.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

ஒரு வீட்டுக்கு ஒரு வரி, லைனுக்கு ஒரு பக்கம்: தேதி, கதவு எண் அல்லது அடையாளம் (பச்சை கேட், வேப்பமரம்), யார் பேசினார்கள், என்ன வாங்கினார்கள், எப்போது வரச் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தில் அவர்கள் சொன்ன சொல் ஒன்று, "மகளுக்குக் கல்யாணம் தை", "மல்லிகை வாசனை ஆகாது" மாதிரி. வீட்டை விட்டு இறங்கியதும் அடுத்த வாசலுக்குப் போவதற்குள் எழுதிவிடுங்கள். சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால் பத்தாவது வீடும் பதினோராவது வீடும் கலந்துவிடும். வாடிக்கையாளர் முன்னால் நின்று எழுதாதீர்கள், பில்லைத் தவிர. வீட்டில் பகலில் ஆள் இல்லை, தனியாக இருக்கும் ஆச்சி என்ற மாதிரிக் குறிப்புகள் நோட்டில் இருக்கவே கூடாது. நோட்டு தொலைந்தால் யார் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வருமானம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு, உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 40 வீட்டில் 8 வீடு வாங்குகிறது, வீட்டுக்கு 180 ரூபாய் என்றால் விற்பனை 1,440. நூற்றுக்கு 25 லாபம் என்றால் 360. பெட்ரோல், டீ 90 கழித்தால் 270. இது முதல் சுற்று, கைக்கூலிக்கும் கீழே. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதே லைனில் நாலைந்து சுற்று போய் 14 வீடு வாங்க ஆரம்பித்தால் விற்பனை 2,520, லாபம் 630, செலவு போக 540. வாரத்துக்கு இரண்டு குக்கர், தலா 300 லாபம் என்றால் நாளுக்கு 120 கூடி 660 ஆகும். சரக்கு மாறவில்லை, நடை மாறவில்லை. தெரிந்த முகமாகிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தினமும் இரவு 15 நிமிடம் உட்கார்ந்து பில், ரொக்கம், போன் வரவு, மீதிச் சரக்கு நாலையும் ஒத்துப் பாருங்கள். முதலீட்டுப் பணத்துக்குத் தனிப் பை. அதில் இருந்து வீட்டுக்குப் பால் வாங்கினால்கூட சீட்டு எழுதிப் போடுங்கள்.

சட்டப்படி என்னென்ன தேவை?

நேரடி விற்பனைக் கம்பெனியின் ஆளாகப் போகிறவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021 பொருந்தும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே நேரமோ சம்மதமோ வாங்காமலும் வீட்டுக்குள் போகக் கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்கு வந்தோம் என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். விலை, திருப்பிக் கொடுக்கும் முறை எல்லாம் தெரிவிக்க வேண்டும். சொந்தச் சரக்கு விற்பவரும் இதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பொட்டலப் பொருளில் தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம் வருஷம், எம்.ஆர்.பி., புகார் எண் இருக்க வேண்டும். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணும் வேண்டும். பிரஷர் குக்கருக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், முத்திரை இல்லாத மலிவுக் குக்கரைத் தொடவே வேண்டாம்.

வேலையில் சேர டெபாசிட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நேரடி விற்பனையில் சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்குத்தான் கமிஷன் என்றால் அது சங்கிலித் திட்டம். பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. சொந்தக்காரர், சுய உதவிக் குழு அக்கா கூப்பிட்டாலும் இதே பதில். ஏற்கெனவே போனிலோ ஆன்லைனிலோ பணம் கட்டி ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே பேசுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், போகிறார்கள், பல வீட்டில் ஆணைவிடச் சீக்கிரம் கதவு திறக்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம்கூட லைன் வைத்துக்கொள்ள முடிகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் இருவராகப் போங்கள், தெருவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வரிசை, ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி. ஆண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் உள்ளே கூப்பிட்டால் வாசலோடு முடித்துக்கொள்ளுங்கள், விற்பனை போனாலும் பரவாயில்லை. போனில் இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். உதவிக்கு 181, அவசரத்துக்கு 112. கழிப்பறைக்கு வசதியான இடம் எது என்பதையும் லைன் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் நடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

பண்டிகை, கொடை, மழைக்கு எப்படித் தயாராவது?

பங்குனி, சித்திரையில் ஊர் ஊராகக் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, வரும். கொடைக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டைக் கழுவி வெள்ளையடிக்கும் நேரத்தில் பினாயில், துடைப்பம், வாளி ஓடும். கொடை நடக்கும் நாளில் வியாபாரம் வேண்டாம், முடிந்த வாரம் வசூல் கேட்கவும் வேண்டாம், கொடைக்கு வரி கட்டிக் கை காலியாக இருக்கும். ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரதவீதிப் பக்கம் லைனை மாற்றிவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரிய பொருளுக்குத் தயங்குவார்கள், ஆர்டர் மட்டும் வாங்கி ஆவணியிலும் தையிலும் கொடுங்கள். ஆற்றுப் பாசன ஊர்களில் பிசானப் பருவ நெல் அறுத்துக் கை நிறையும் மாசி, பங்குனிதான் பெரிய பொருளுக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் நேரத்தில் நனைந்த காலோடு தார்சாவில் ஏறாமல், மழை விட்டதும் போங்கள்.

தொடர்ந்து நாலு வீட்டில் முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னால் மனசு விட்டுப்போகிறதே?

ஐந்தாவது வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த வாட்டம் முகத்தில் தெரியும், ஐந்தாவது வீடும் அதைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லும். டீக்கடையில் பத்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு புது வீட்டை விட்டுவிட்டு, ஏற்கெனவே வாங்கிய ஒரு வீட்டுக்குப் போய், "போன தடவ கொடுத்தது எப்படி இருக்கு" என்று மட்டும் கேளுங்கள். விற்பனை எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை, 40 வாசல் உங்கள் கையில் இருக்கிறது. அன்றைக்கு 40 முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், முடியாமல் போகக் கூடாது. நல்ல விற்பனை வந்த நாளில் 25-ஓடு நிறுத்திக்கொள்வதுதான் பலரைக் கெடுக்கிறது. விடுபட்ட அந்த 15 வீட்டில், உங்களை வரச் சொல்லிக் காத்திருந்த ஒருவர் இருப்பார்.

விற்ற பொருளில் புகார் வந்தால்?

அன்றைக்கே போங்கள், அல்லது மறுநாள் காலை. சின்னப் பொருள் என்றால் கேள்வி கேட்காமல் மாற்றிக்கொடுங்கள். பெரிய பொருளுக்கு வாரண்டி அட்டையை விற்கும் இடத்திலேயே நிரப்பி, முத்திரை குத்தி, பில்லோடு சேர்த்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், அட்டையின் போட்டோ உங்கள் போனிலும் இருக்க வேண்டும். பல வீட்டில் ஆறு மாதத்தில் அட்டை காணாமல் போகும், அப்போது கை கொடுப்பது உங்கள் படம்தான். சர்வீஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கித் தர முடிந்தால் செய்யுங்கள். கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அந்த வீட்டாருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். புகார் இருக்கும் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் போய் விற்பனை பேசாதீர்கள். லைனில் அன்றைக்கு முதல் வாசல் அதுவாக இருக்கட்டும்.